கிழிந்த அந்தரங்கக் கருவி: ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியில் ரப்பரை அறியாதவர் குறைவு. ஜே.கே. டயர், அப்பல்லோ டயர்ஸ் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் இங்கு உள்ளன. நெடுஞ்சாலை ஓரத்தில் வல்கனைசிங் கடைகள் உள்ளன. கார், கைப்பேசி உதிரிப்பாகங்களைப் பொருத்தும் கைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பழுதானதைத் தூக்கி எறியாமல் சீர்செய்து பயன்படுத்துவது இம்மக்களின் இயல்பு. அது போற்றத்தக்க இயல்பும் ஆகும். ஆயினும் அந்தத் திறமை பயன்படாத, சில வேளைகளில் தீங்கே விளைவிக்கிற ஓரிடம் உண்டு. அதைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

உடலின் அந்தரங்க உறுப்புகளில் பயன்படும் மென்மையான கருவிகள் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்பதே கேள்வி. இக்கேள்வியைப் பெரும்பாலோர் மருத்துவரிடம் கேட்பதில்லை. கேட்கக் கூசி, வீட்டிலிருக்கும் பசையை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியது உள்ளே பிரிந்து, புண்ணும் சீழுமாக வந்தபிறகே நாங்கள் அவர்களைக் காண நேர்கிறது. முன்கூட்டியே அறிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் அது.

எந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு யோனிக்குழாய் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. அதைத் தடுக்க, உள்வீக்கம் தணிந்தபின் வாரத்தில் சில நாள்கள் டைலேட்டர் என்னும் விரிப்பானைப் பயன்படுத்தச் சொல்கிறோம். காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனையிலோ சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ சிகிச்சை முடித்து இப்பகுதிக்குத் திரும்பும் பெண்களும் இவர்களுள் அடங்குவர். யோனித் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்வதால் தாம்பத்திய உறவு இயலாதிருக்கும் பெண்களுக்கும் இதே கருவி சிகிச்சையாகிறது. கருப்பை இறக்கம் உள்ள மூத்த பெண்கள் பெசரி என்னும் வளையத்தை அணிகிறார்கள். நீரிழிவால் விறைப்புக் குறைந்த ஆண்களுக்கு வெற்றிடப் பம்பும் அதனோடு சேர்ந்த ரப்பர் வளையமும் பரிந்துரைக்கப்படுகின்றன. இளம்பெண்கள் பலர் மாதவிடாய்க் கிண்ணத்திற்கு மாறிவருகிறார்கள்.

இவற்றோடு, மருத்துவப் பரிந்துரை இன்றித் தம் விருப்பத்தால் பாலியல் துணைக்கருவிகளைப் பயன்படுத்தும் வயதுவந்தோரும் உள்ளனர். மனைவியை ஊரில் விட்டுவந்து தனியே தங்கியிருப்பவர், கணவரின் முறைப்பணி தம் முறைப்பணியோடு பொருந்தாதவர், திருமணமாகாதவர், துணையை இழந்தவர் எனப் பலர். ‘மசாஜர்’ என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்பனையாகும் பொருள்கள் பலவும் இவ்வகையின. இவற்றைப் பயன்படுத்துவதை நாங்கள் நோயாகவோ இழிவாகவோ கருதுவதில்லை. உடலுக்குள் செல்லும் எந்தப் பொருளுக்கும் உரிய பாதுகாப்பு விதிகள் இவற்றுக்கும் பொருந்தும். எங்கள் அக்கறை அவ்வளவே.

பொருளை அறிதல்

கிழிந்ததை என்ன செய்வது என்று தீர்மானிக்குமுன் அது எதனால் ஆனது என்று அறிய வேண்டும்.

முதலாவது, சிலிக்கோன். இது நுண்துளைகள் அற்றது, மணமற்றது, வெப்பத்தைத் தாங்குவது. மருத்துவக் கருவிகளில் பெரும்பாலானவை இதனால் செய்யப்படுகின்றன. சிறு கீறல் விழுந்துவிட்டால் அக்கீறல் இழுக்க இழுக்க விரைந்து நீளும் என்பது இதன் குறை.

இரண்டாவது, டி.பி.இ. எனப்படும் நெகிழ்பொருள். தொட்டால் தசைபோல மிக மென்மையாக இருக்கும், விலை குறைவு. எண்ணெயும் நெகிழியும் கலந்த இப்பொருளில் நுண்துளைகள் உண்டு. எவ்வளவு கழுவினாலும் அத்துளைகளில் கிருமிகள் தங்கக்கூடும். 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 12 பெண்களைக் கொண்டு நடத்திய ஒரு சிறிய ஆய்வில், கழுவி 24 மணி நேரம் கழிந்த பின்னும் சில டி.பி.இ. கருவிகளின்மீது எச்.பி.வி. வைரஸின் தடயம் காணப்பட்டது; சிலிக்கோன் பரப்பில் அந்நேரத்தில் காணப்படவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவது இவ்வைரஸின் சில வகைகளே என்பதால் இம்முடிவு கருதத்தக்கது.

மூன்றாவது, பி.வி.சி. குழாய்க்குப் பயன்படும் அதே பொருளை மென்மையாக்கத் தாலேட் என்னும் வேதிப்பொருள்களைச் சேர்ப்பதுண்டு. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் சில தாலேட்டுகள் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்துள்ளது. கடுமையான பிளாஸ்டிக் மணமும் நாளடைவில் தோன்றும் பிசுபிசுப்பும் இவ்வகைப் பொருளின் அடையாளங்கள்.

நான்காவது, இயற்கை ரப்பர் பாலிலிருந்து வரும் லேட்டக்ஸ். ஆணுறைகளும் சில வளையங்களும் இதனால் ஆனவை. சிலருக்கு இது ஒவ்வாமை தரும்.

டியூப் ஒட்டும், இது ஒட்டாது: ஏன்?

மிதிவண்டி டியூபில் ஓட்டை விழுந்தால் உரசி, சொல்யூஷன் தடவி, ஒட்டுத்துண்டை அழுத்துகிறோம், அது நிற்கிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வல்கனைசிங் முறையில் கந்தகத்தால் இறுக்கப்பட்ட ரப்பர் அது. ஒட்டுத்துண்டும் அதன் இனத்தைச் சேர்ந்ததே. இரண்டும் ஒன்றோடொன்று பிணைகின்றன. உள்ளிருக்கும் காற்றழுத்தமும் ஒட்டை வெளிப்புற டயரோடு அழுத்திப் பிடிக்கிறது. மேலும், டியூபுக்குத் தோல் இல்லை, ஒவ்வாமை இல்லை, இரத்த நாளங்கள் இல்லை.

சிலிக்கோனின் மேற்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் பற்றாது. ஃபெவிக்விக் போன்ற உடனொட்டும் பசைகள் சற்றுநேரம் பிடிப்பதுபோல் தோன்றும். காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகிவிடும். கருவி வளையும்போது அந்த இறுகிய விளிம்பு உடைந்து, மென்மையான சளிச்சவ்வைக் கீறும். பஞ்சர் சொல்யூஷனில் உள்ள கரைப்பான்கள் சவ்வில் பட்டால் கடுமையான எரிச்சலை உண்டாக்கும். குளியலறை இடுக்குகளை அடைக்கும் சிலிக்கோன் பசையால் ஒட்டினால் ஒரே இனந்தானே என்று எண்ணத் தோன்றும். அப்பசைகளுள் பல காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அந்தப் புளித்த வாடைக்குக் காரணம் அதுவே. பூஞ்சை பிடிக்காதிருக்கச் சேர்க்கப்பட்ட நச்சுப்பொருள் சிலவற்றில் இருக்கும். அவை சுவருக்கென்று செய்யப்பட்டவை.

டி.பி.இ. வெப்பத்தில் உருகும் என்பதால் சூடான கம்பியால் உருக்கி ஒட்டுவோரும் உண்டு. கிழிசல் மூடியதுபோல் தெரியும். ஆனால் உருகிய தழும்பு மேடுபள்ளமாகும். அதனடியில் குழி இருக்கும். ஈரமும் உடற்கழிவும் அக்குழியில் தங்கிக் கிருமிகள் பெருகும். எந்த முறையில் ஒட்டினாலும் இந்த இடுக்கை முழுமையாக நீக்க இயலாது என்பதே ஒட்டக்கூடாது என்று நாங்கள் சொல்வதற்கு முதன்மைக் காரணம்.

இன்னொன்றையும் கருதுக. பழைய கருவியில் கிழிசல் தோன்றுவது, பெரும்பாலும் அப்பொருள் முழுவதுமே முதுமையடைந்துவிட்டதன் அறிகுறி. இன்று ஓரிடத்தில் ஒட்டினால் நாளை பக்கத்தில் பிளக்கும். அடுத்த பிளவு உடலுக்குள் நேரலாம்.

கிழிந்த கருவியின்மீது ஆணுறையை மாட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்போர் உள்ளனர். கூடாது. கிழிசலின் விளிம்பு ஆணுறையையும் கிழிக்கும். துண்டு பிரிந்தால் அதுவும் உள்ளேயே தங்கும்.

சீர்செய்யத் தக்கவை

எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வெற்றிடப் பம்பில் கிழிந்தது வளையமோ அடைப்பு ரப்பரோ ஆயின், அவ்வுறுப்பை மட்டும் அதே நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். வளையத்திற்கு மாற்றாக ரப்பர் பேண்டோ உலோக வளையமோ நூலோ ஒருபோதும் வேண்டாம். உரிய வளையத்தையே 30 நிமிடங்களுக்கு மேல் அணிந்திருக்கக்கூடாது. விரிப்பான் தொகுப்பில் ஓர் அளவு மட்டும் கிழிந்திருந்தால், தொகுப்பு முழுவதையும் மாற்றத் தேவையில்லை. அந்த அளவை மட்டும் தனியே பெற இயலுமா என்று எங்களைக் கேளுங்கள். கைப்பிடி போன்று உடலில் படாத பகுதியில் விழுந்த வெடிப்பைச் சிலிக்கோனுக்கென்றே உள்ள பசையால் ஒட்டிக்கொள்வதில் மருத்துவத் தடை இல்லை. மாதவிடாய்க் கிண்ணத்தின் வால்நுனியை நீளம் கருதிக் கத்தரித்துக்கொள்வது சில நிறுவனங்களே அனுமதிப்பது. ஆனால் கிண்ணத்தின் விளிம்பிலோ உடற்பகுதியிலோ கீறல் விழுந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

மின்கலத்தால் இயங்கும் கருவியின் மென்மையான உறை கிழிந்துவிட்டால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. ஈரம் உள்ளே புகும். மின்கலம் கசிந்து சவ்வைப் பொசுக்கும். பொத்தான் வடிவ மின்கலம் உடலுக்குள் தங்கினால் சில மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும். அத்தகைய கருவியை மின்னேற்றம் செய்யவும் வேண்டாம்.

கிழியாமல் காப்பது

ஒவ்வொரு முறையும் பயன்படுத்துமுன் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரல்களால் மெல்ல வளைத்து, மறைந்திருக்கும் வெடிப்பு வாய்திறக்கிறதா என்று நோக்குங்கள். பிசுபிசுப்பு, நிறமாற்றம், போகாத வாடை, துகள் உதிர்தல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் கிழிசல் வருமுன்பே மாற்றிவிடுங்கள்.

நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. லேட்டக்ஸுக்கு எண்ணெய் பகை. ஒரே ஒரு நிமிடம் கனிம எண்ணெய் பட்ட ஆணுறைகளின் வலிமை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்ததை 1989-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாசலின், குழந்தைகளுக்கான எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய எதுவும் லேட்டக்ஸோடு வேண்டாம். டி.பி.இ.யும் எண்ணெயில் ஊறி உப்பும். சிலிக்கோன் அடிப்படையிலான வழவழப்புக் களிம்பு சிலிக்கோன் கருவியின் மேற்பரப்பையே கெடுக்கக்கூடும். நீர் அடிப்படையிலான களிம்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும், மருந்துக்கடைகளில் கிடைக்கும்.

நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். மணமற்ற மெல்லிய சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். டெட்டால், பிளீச்சிங் பொடி, சானிடைசர் வேண்டாம். மின்கலம் இல்லாத சிலிக்கோன் கருவியை, உடன்வந்த குறிப்பேடு அனுமதித்தால், அதில் சொல்லப்பட்ட நேரம் மட்டும் கொதிநீரில் இடலாம். டி.பி.இ. கருவியைக் கொதிக்க வைத்தால் உருக்குலையும். வேறு வேறு பொருளால் ஆனவற்றை ஒரே பையில் ஒட்டி வைக்காதீர்கள். ஒன்று மற்றொன்றை இளகச் செய்யும். தகரக் கூரையின்கீழ், சித்திரை வெயிலில், மூடிய டிரங்குப் பெட்டியில் வைப்பதும் அதே கேட்டைத் தரும்.

இங்கு விடுதிவாசத்தின் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் பணியாளர்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதுபோக எத்தனையோ சிறு விடுதிகளில் ஓர் அறையைப் பலர் பகிர்ந்து வாழ்கிறார்கள். மாதவிடாய்க் கிண்ணத்தையோ விரிப்பானையோ கழுவி உலர்த்த ஓரிடம் கிடைக்காமல், ஈரத்தோடு நெகிழிப்பையில் சுருட்டிப் பெட்டியின் அடியில் ஒளித்து வைப்பவர்களை நாங்கள் அறிவோம். ஈரமும் அழுத்தமும் பொருளைக் கெடுக்கும், பூஞ்சையை வளர்க்கும். சுத்தமான பருத்தித் துணியால் ஈரம் ஒற்றி, காற்றோட்டமுள்ள சிறு துணிப்பையில் இட்டு, துணிமணிகளுக்கு மேலாக வைத்தால் போதும். பார்ப்பவர்க்கு அது ஒரு பை மட்டுமே.

ஒருவரின் கருவியை மற்றவர் பயன்படுத்தக்கூடாது. பழையதை விலைக்கு வாங்குவதும் கூடாது. தம்பதியர் பகிர்ந்துகொள்வதாயின் ஒவ்வொருவருக்கும் புதிய ஆணுறையை மாட்டவேண்டும். உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் வாருங்கள்: கருத்தடைக்கான அவசர மாத்திரையும், எச்.ஐ.வி. தொற்றுக்கான ஐயம் இருந்தால் தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்திற்குள் தொடங்கப்படவேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று. எச்.ஐ.வி. குறித்த ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

துண்டு உள்ளே தங்கிவிட்டால்

யோனியில் தங்கிய சிறு துண்டு கைக்கு எளிதில் எட்டினால், கழுவிய விரலால் மெல்ல எடுத்துவிடலாம். எட்டவில்லையெனில் இடுக்கியோ கரண்டிக்காம்போ கொண்டு தேடவேண்டாம். ஆசனவாய்க்குள் சென்ற பொருள் மேலேறிக் குடலுக்குள் போகக்கூடியது. பேதி மருந்து உண்பதோ எனிமா கொடுப்பதோ அதைப் பின்னும் சிக்கலாக்கும். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். உடைந்த மிச்சத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பொருத்திப் பார்க்க அது உதவும். மென்மையான சிலிக்கோனும் டி.பி.இ.யும் எக்ஸ்-கதிர் படத்தில் தெளிவாகத் தெரியாமற்போகலாம் என்பதால் நீங்கள் சொல்வதே எங்களுக்கு முதற்சான்று.

கடும் வயிற்றுவலி, வயிற்றின் விறைப்பு, நிற்காத இரத்தப்போக்கு, காய்ச்சல் இருந்தாலோ, மின்கலம் உள்ளே தங்கியிருக்கலாம் என்று தோன்றினாலோ, வளையம் இறுகி உறுப்பு நீலம் பாரித்தாலோ, 108-ஐ அழையுங்கள். பல நாள்களாகத் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால், மறந்துபோன துண்டொன்று காரணமாக இருக்கக்கூடும், அதையும் பரிசோதிக்கவேண்டும். உங்கள் விருப்பத்திற்கு மாறாக ஒருவர் உங்கள் உடலில் எதையேனும் செலுத்தியிருந்தால் அது வன்முறை. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை நாடலாம், எங்களிடமும் சொல்லலாம்.

புதியதை வாங்கும்போது

விரிப்பான், பெசரி போன்றவற்றை மருத்துவர் அளவு பார்த்துச் சொன்னபடியே வாங்குங்கள். அவை 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்கீழ் வருபவை. உறையில் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். பாலியல் துணைக்கருவிகளுக்கெனப் பன்னாட்டுத் தர நிறுவனம் 2021-இல் ஐ.எஸ்.ஓ. 3533 என்னும் பாதுகாப்புத் தரத்தை வெளியிட்டது. எந்தப் பொருளால் ஆனது என்றே சொல்லாத உறை, ‘வேடிக்கைப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று பொறுப்பைக் கைகழுவும் குறிப்பு, மூக்கைத் துளைக்கும் வாடை ஆகியவை இருந்தால் விலகுங்கள்.

இவற்றை வைத்திருப்பதே குற்றமோ என்ற அச்சத்தால் குறைபாடுள்ள பொருளைத் திருப்பித் தராமலும், காயம்பட்டபின் மருத்துவரிடம் வராமலும் இருப்பவர்கள் உண்டு. ஆபாசப் பொருள்களின் விற்பனையையும் காட்சியையும் சட்டம் தடுக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவு. உடல் மசாஜர்களைத் தடைசெய்யப்பட்ட பாலியல் பொருள்கள் என்று கொண்டு சுங்கத்துறை பறிமுதல் செய்ததை மும்பை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஏற்கவில்லை. தம் பயன்பாட்டுக்காக ஒருவர் வீட்டில் வைத்திருப்பது அப்பிரிவில் சொல்லப்பட்ட குற்றமன்று. குறைபாடுள்ள பொருளை விற்றவர்மீது, மற்ற எந்தப் பொருளுக்கும் போலவே, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

தூக்கி எறியும்போது மின்கலம் உள்ள கருவியை மின்னணுக் கழிவாகக் கொடுங்கள். மற்றவற்றைக் கழுவி, தாளில் சுற்றிக் குப்பையில் இடுங்கள், எரிக்கவேண்டாம்.

நிறுத்திவிடாதீர்கள்

கிழிந்ததை ஒட்டிப் பயன்படுத்துவது ஒரு தவறு. கிழிந்துவிட்டதென்று சிகிச்சையையே நிறுத்திவிடுவது அதனினும் பெரிய தவறு. கதிர்வீச்சுக்குப்பின் விரிப்பானைச் சில மாதங்கள் கைவிட்ட பெண்ணுக்கு யோனிக்குழாய் தழும்பேறி மூடிக்கொள்ளலாம். அதன்பின் தாம்பத்தியம் மட்டுமன்று, புற்றுநோய் திரும்பியுள்ளதா என்று பார்க்கும் பரிசோதனையும் கடினமாகிவிடும். புதிய விரிப்பானின் விலை கைக்கு எட்டாததாக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று வழிகளைத் தேடித்தருவது எங்கள் பணியின் பகுதி.

உடனிருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். தாயின் வளையத்தைப் பற்றியோ மனைவியின் விரிப்பானைப் பற்றியோ அவர்களாக வாய்திறப்பது அரிது. ‘கருவி நன்றாக இருக்கிறதா, மாற்ற வேண்டுமா?’ என்று மூக்குக்கண்ணாடியைக் கேட்பதுபோல் நீங்களே கேளுங்கள்.

மருத்துவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள், ‘அந்தரங்கமாக ஒன்று கேட்கவேண்டும்’ என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுவோம். விரும்பினால் பெண் மருத்துவரையோ ஆண் மருத்துவரையோ கேட்டுப் பெறலாம். நோயாளி சொன்னதை வெளியிடக்கூடாது என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னெறி ஒழுங்குமுறைகள் எங்கள்மீது விதித்துள்ள கடமை. பெயர் சொல்ல நாவெழாவிட்டால் பொருளையே ஒரு பையில் இட்டுக் கொண்டுவந்து மேசைமீது வையுங்கள். அதைப் பார்த்து, வைத்துக்கொள்ளலாமா, மாற்றவேண்டுமா என்று சொல்வதற்குச் சில நிமிடங்களே ஆகும்.